ஐம்பது குழிகளும் ஏழு வெள்ளாடுகளும்

இந்த வருடம் நலப்பணிக் குழுவை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். கூடவே என் அனுதாபமும். "வெறும் சனிக்கிழமை வேலைதானுங்க டீச்சர், புள்ளைகளே பாத்துக்குவாங்க" என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பதினான்கு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தேன். ஒரு சனிக்கிழமைகூடப் பிள்ளைகள் தாங்களாகப் பார்த்துக்கொண்டதில்லை.

நான் கணக்கு டீச்சர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பதினொன்றாம் வகுப்பில் ஐம்பது பேரைக் குழுவில் சேர்ப்போம். சனிக்கிழமைதோறும் சேவை, காலாண்டு விடுமுறையில் பக்கத்து ஊர் ஒன்றில் ஏழு நாள் முகாம். இரண்டையும் முடித்தால்தான் சான்றிதழ். ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளைகள் இந்த மணி நேரங்களையும் சேர்த்தாக வேண்டும். அவர்களைச் சேர்க்க வைப்பதுதான் நம் வேலை.

படிவம் நிரப்புவது, பில் வைப்பது எல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அந்த மணிநேர நோட்டைப் பற்றி. நாற்பது பக்க நோட்டுதான். ஆனால் அதில் கையெழுத்துப் போடும் பேனா கையில் வந்ததும் நமக்குக் கொஞ்சம் கொம்பு முளைக்கும். எனக்கு ரெண்டு முளைத்தது.

முதல் வருடமே ஒரு பையன் "வாகனம் சுத்தம் செய்தல், ஐந்து மணி நேரம்" என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான். எந்த வாகனம் என்று கேட்டால் அவன் மாமாவின் ரிக் வண்டி, ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி.

"ஏண்டா, உங்க மாமன் வண்டியைக் கழுவினது பொதுச்சேவையா?"

"ஊருக்கே தண்ணி எடுக்கற வண்டிங்க மிஸ்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த வரியை அடித்தேன். சொந்தக்காரனுக்குச் செய்வது சேவை ஆகாது, அடுத்தவனுக்குச் செய்தால்தான் சேவை என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் தலையிலேயே விடிந்தது.

இதற்குப் பிறகுதான் ஒரு சட்டம் போட்டேன். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராதவர் பெயர் சிவப்பு மையில் அடிபடும். அடிபட்ட பெயருக்கு முகாம் கிடையாது. அரசாங்கச் சட்டம் இல்லை, நானாகப் போட்ட சட்டம். நானாகப் போட்டதால் அதன் மேல் எனக்குக் கூடுதல் பிரியம்.

எங்கள் குழுவின் பெருமை மரம் நடுவது. எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்த உடற்கல்வி ஆசிரியர், நோட்டையும் இரண்டு கடப்பாரையையும் என்னிடம் கொடுத்தபோது ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாக ஐம்பது குழிகள்.

"இதான் டீச்சர் நம்ம சொத்து. வருசா வருசம் புதுசா தோண்ட வேண்டியதில்லீங்க. கன்னைக் கொண்டாந்து வெச்சு மண்ணைத் தள்ளுனாப் போதும். பதினோரு மணிக்கெல்லாம் சுண்டல் சாப்பிட்டுட்டு ஊட்டுக்குப் போயிடலாம்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். ஆடி மாதம் முதல் மழை விழுந்ததும் நாற்றங்காலில் இருந்து ஐம்பது கன்றுகள் வரும். பேனரைப் பிடித்துப் படம் எடுப்போம், சுண்டல் சாப்பிடுவோம், "ஐம்பது கன்றுகள் நடப்பட்டன" என்று அறிக்கை எழுதுவேன். அடுத்த ஆடியில் போனால் குழிகள் காலியாக இருக்கும். "என்ன வெயில், பாருங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அதே குழியில் அடுத்த கன்றை வைப்போம். இப்படி ஒன்பது வருடம். கணக்கு டீச்சருக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஒன்பதாவது வருடம் கோகிலா சேர்ந்தாள். மெலிந்த, வேகமான பெண். கன்று நட்ட முதல் சனிக்கிழமை வந்தாள், அவ்வளவுதான். அடுத்த மூன்று சனிக்கிழமை ஆளைக் காணோம். நான் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவால் அழகாக ஒரு கோடு போட்டேன். திங்கட்கிழமையே ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாள்.

"மிஸ், எம்பேரை அடிச்சுட்டீங்களாமா?"

"மூணு வாரம் வரலியே சாமி. சட்டம் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. எங்கப்பா ரிக் வண்டியோட வடக்க போயிட்டாருங்க, தீவாளிக்குத்தான் வருவாரு. மத்த நாளெல்லாம் ஆட்டை அம்மா பாத்துக்குவாங்க. சனிக்கிழமை அவங்க சந்தைக்குக் கீரை கொண்டு போகோணும். அன்னைக்கு நாந்தான் ஆட்டை ஓட்டோணும்."

"ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னா நான் குழுவை எப்படி நடத்தறது?"

அவள் நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சர்ட்டிபிகேட்டுகூட வேணாமுங்க மிஸ். கேம்ப்புக்கு மட்டும் வரட்டுங்களா? ஏழு நாள் எல்லாரோடயும் ஒண்ணா இருக்கறது. நான் ஊட்டை விட்டு எங்கயும் தங்குனதே இல்லீங்க."

எனக்கு மனசு இளகியது. இளகியதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இன்னும் கடுமையாக, "ரூல்னா ரூல்தான், போம்மா" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எந்தப் பிள்ளையிடமும் அவசரத்தில் சொல்லாதீர்கள். திரும்ப எடுப்பதற்குள் உயிர் போகிறது.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. "டீச்சர், முகாமுக்கு அனுமதி கொடுக்கற அதிகாரி அம்மா அடுத்த புதன்கிழமை வர்றாங்களாம். ஒன்பது வருசத்து அறிக்கையையும் படிச்சிருக்காங்க. நானூத்தம்பது மரம் இருக்கற தோப்பைப் பாக்கணும்னு சொல்றாங்க."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை கன்று மிஞ்சியிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று, அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளி வளாகத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே குழிகளுக்கு நடுவில் ஏழு வெள்ளாடுகள். ஒரு குழிக்கு ஓர் ஆடு என்று பந்தியில் உட்கார்ந்த மாதிரி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கரையில் பொருளியல் புத்தகமும் கையுமாகக் கோகிலா.

"அடிப்பாவி!" என்று கத்தினேன். "ஒன்பது வருசத் தோப்பும் உன் ஆட்டு வவுத்துலயா இருக்கு?"

பதறி எழுந்தாள். ஆனால் பதில் பதறாமல் வந்தது. "ஒன்பது வருசத்துக்கு முன்னாடி இதுக பொறக்கவே இல்லீங்களே மிஸ். அதெல்லாம் இதுகளோட அம்மாவும் பாட்டியும் தின்னிருக்கும். எங்க ஆடு மட்டுமில்லீங்க. பக்கத்துல இருக்கற நாலு வளவு ஊட்டு ஆடும் இந்த வழியாத்தான் தண்ணிக்குப் போகுது."

"ஓட்டி விடறதுக்கென்ன?"

"அஞ்சு கன்னுன்னா காவல் காக்கலாம். அம்பது கன்னை எப்படிங்க காக்கறது? அதுவும் நீங்க வேம்பு, வாகை, பூவரசுன்னு ஆட்டுக்கு எது புடிக்குமோ அதையே தேடித் தேடி நடறீங்க. அதுகளுக்கு அது பிரியாணிங்க மிஸ். புங்கன் வெச்சுருந்தா வாயே வெக்காது."

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் பள்ளியில் தாவரவியலுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அறிக்கை சரிபார்க்க நான் இருந்தேன். ஒன்பது வருடத்தில் நாங்கள் ஒருவரும் அந்த வழியில் ஆடு ஓட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏஞ்சாமி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்க வெயிலுன்னு சொன்னீங்க. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேனுங்க."

பிறகு அவள் என்னை வரிசையின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஐம்பதாவது குழியைச் சுற்றி ஆள் இடுப்பளவுக்கு வேலிமுள் அடைத்திருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வேப்பங்கன்று, தளதளவென்று. அடிமண் ஈரமாக இருந்தது.

"இது நான் நட்டதுங்க. மொத வாரம் வந்தேனில்ல?" என்றாள். "ஆடு தண்ணி குடிக்கறப்ப நானும் ஒரு குடம் மோந்து ஊத்திருவேன்."

நான் பெயரை அடித்த பெண்ணின் கன்று மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற நாற்பத்தொன்பது பேரும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்திருந்தார்கள். என் நோட்டில் அவர்களுக்கெல்லாம் முழு மணி நேரம். எனக்குச் சுருக்கென்று தைத்தது, மறைப்பானேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார். கோயில் நிலத்தில் ஒரு புங்கந்தோப்பு இருக்கிறது, அதைக் காட்டிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? உண்மையைச் சொல்கிறேன், அரை நாள் நான் அதற்குச் சம்மதித்திருந்தேன். முகாம் ரத்தாகிவிட்டால் ஐம்பது பிள்ளைகளின் சான்றிதழும் போகுமே என்ற பயம். ஆனால் தோப்பைக் காட்டும்போது பக்கத்தில் நிற்கப் போவது அந்தப் பிள்ளைகள்தானே? அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? சாயங்காலம் போய், "வேண்டாங்க சார், குழியையே காட்டிடறேன். திட்டு வாங்கறது நானாவே இருந்துட்டுப் போறேன்" என்றேன்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். கெங்கவல்லிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஏரிக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, "மரம் எங்க மேடம்?" என்றார்.

"ஆடு தின்னுடுச்சுங்க."

"எத்தனைய?"

"நானூத்து நாப்பத்தொன்பதை."

தலைமையாசிரியர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலிமுள்ளுக்குள் இருந்த வேம்பைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பெயர் அடித்ததையும் சொன்னேன். அவர் கோகிலாவைக் கூப்பிட்டு, எது நட்டால் ஆடு தின்னாது, முள் எங்கே கிடைக்கும், யார் யார் ஆடு இந்த வழியாக வருகிறது என்று கால் மணி நேரம் விசாரித்தார். என்னிடம் திரும்பியபோது அவர் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு!

"எத்தனை நட்டீங்கன்னு நாங்க வருஷா வருஷம் கேட்டோம், நீங்களும் எழுதினீங்க. எத்தனை இருக்குன்னு நாங்களும் கேக்கல. முகாம் நடத்துங்க மேடம். புங்கன் நானே அனுப்பறேன். அடுத்த வருஷம் நட்டதை எழுதாதீங்க, நிக்கறதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்புவதற்குள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தன.

இனி என் சட்டத்தை நானே திருத்த வேண்டும், அதுவும் ஐம்பது பேர் முன்னால். கோகிலாவை மறுபடி சேர்க்கிறேன் என்றதும் குழுத் தலைவன் இர்ஃபான் எழுந்தான். அவன் வீட்டுக்குக் கடைவீதியில் செருப்புக்கடை.

"மிஸ், சனிக்கிழமை எங்க கடையில எம்புட்டுக் கூட்டம் தெரியுங்களா? அத்தாகிட்ட திட்டு வாங்கிட்டுத்தான் நான் வாரேன். வந்த எனக்கும் நாலு மணி நேரம், ஆடு மேச்ச அவளுக்கும் நாலு மணி நேரமுங்களா?"

நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலாவே சொல்லிவிட்டாள்: "ஆடு மேச்சதுக்கு எனக்கு மணி வேண்டாமுங்க மிஸ். அது எங்க ஆடு. முள்ளு வெட்டுனதுக்கும் தண்ணி ஊத்துனதுக்கும் மட்டும் போடுங்க."

இர்ஃபான் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே சட்டத்தை மாற்றினோம். ஆளுக்கு ஒரு குழி, ஆளுக்கு ஒரு புங்கன். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். கன்று நின்றால் மணி நேரம் உண்டு. இர்ஃபான் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை எடுத்துக்கொண்டான். சனிக்கிழமைக் கடை தப்பியதில் அவன் அத்தா எனக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டேன், அளவு சரியாக இருந்தும்.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். முகாமுக்கு நான்கு நாள் இருக்கும்போது கோகிலா மறுபடி வந்து நின்றாள். முகாமுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை வருகிறது. "வெள்ளிக்கிழமை பொழுதோட ஊட்டுக்கு வந்துட்டு, ஞாயித்துக்கிழமை திரும்பி வந்துக்கட்டுங்களா மிஸ்?"

இது என் சட்டம் இல்லை. ஏழு நாளும் முழுதாகத் தங்கினால்தான் முகாம் கணக்கில் வரும். ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. அதைச் சொன்னதும் அவள் அழவில்லை. "சரிங்க மிஸ், அப்ப நான் வரலீங்க" என்று திரும்பினாள். அவ்வளவு பட்டென்று ஒத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்தை வருமானத்தை விடச் சொல்லி அவள் அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வராது. என் வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது.

"நில்லு. நான் மேய்க்கறேன்."

ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. கோகிலா என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். "உங்களுக்கு ஓடத் தெரியுங்களா மிஸ்?"

முப்பது வருடம் நான் பரீட்சை வைத்திருக்கிறேன். அன்று எனக்கு வைத்தாள். எந்த ஆடு முன்னால் போகும்? செவலை. குட்டிக்காரி எது? நெற்றியில் வெள்ளை இருப்பது. குச்சிக்கிழங்குக் காட்டுப் பக்கம் விடலாமா? விடவே கூடாது, அந்த மரவள்ளித் தழையைத் தின்றால் ஆடு செத்துவிடும். இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

முகாம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே கோகிலா எழுந்து உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் தூங்கு கண்ணு, ஏழு மணிக்குத்தான் வேலை" என்றேன். "நெசமாலுமா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வெகுநேரம் கேட்டது. அதன் பிறகு ஒரு நாளும் அவளை ஆறே முக்காலுக்கு முன்னால் எழுப்ப முடியவில்லை.

சனிக்கிழமை முகாமைத் தாவரவியல் சாரிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஆட்டுக்குப் போனேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் கோல், கழுத்தில் விசில். விசிலை ஊதினேன். ஏழும் ஏழு திசைக்கு ஓடின. ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், ஏழு ஆட்டின் பின்னால் "ஏ செவலை, அக்கட்டால போகாதடீ!" என்று ஏரிக்கரை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்தில் செவலையை மறித்துக் காலைப் பிடித்துவிட்டேன். என் பணிக்காலத்தில் அதற்கு இணையான வெற்றி கிடையாது. ஆனால் திரும்பி எண்ணினால் ஆறுதான் இருந்தது. ஒரு குட்டியைக் காணோம்.

அரை மணி நேரம் தேடினேன். கடைசியில் ஐம்பதாவது குழியில், முள்வேலியில் இருந்த சின்னச் சந்து வழியாக உள்ளே நுழைந்து, கோகிலாவின் வேம்படியில் சுகமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கன்றின் நுனியில் இரண்டு இலை குறைந்திருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. முகாமுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கோகிலாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் உடனே மணிநேர நோட்டைக் கேட்டாள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு இதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். ஐம்பது பெயருக்குக் கீழே, அவள் கையெழுத்தில் ஐம்பத்தோராவதாக என் பெயர். பணி: ஆடு மேய்த்தல். "இது எப்படிம்மா சேவையாகும்?" என்று அன்று கேட்டேன்.

"உங்க ஆடு இல்லீங்களே மிஸ். அடுத்தவங்க ஆட்டை மேச்சா சேவைதானுங்க. நீங்கதான சொல்லித் தருவீங்க?"

அதற்கு நேரே மூன்றரை மணி என்று எழுதியிருந்தது. நான்கு மணி நேரம் மேய்த்தேனே என்று சண்டைக்குப் போனேன். இரண்டு இலைக்கு அரை மணி கழித்திருப்பதாகச் சொல்லி, சிவப்புப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.